கங்காரு என்னும் சொல் பிறந்த ஆறு

உலகின் எப்பகுதியிலே வாழும் குழந்தையாயினும், 'கங்காரு' என்ற சொல்லைக் கேட்டவுடன், வயிற்றுப் பையிலே குட்டியைச் சுமந்துகொண்டு தாவிச் செல்லும் ஒரு விலங்கை நினைத்துக்கொள்ளும். தமிழ்ச் சிறுவர்களுக்கும் அச்சொல் நன்கு பழகிய சொல்லே. ஆங்கிலத்தின் வழியாக அது தமிழுக்கு வந்தது என்பது உண்மை. ஆனால், அது ஆங்கிலச் சொல்லன்று. அவுஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையிலே, ஒரு சிற்றாற்றின் அருகில் வாழ்ந்த மக்கள் தம் வாயாற் சொல்ல, 1770 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சிலர் கேட்டு எழுதிக்கொண்ட சொல் அது. அந்த ஆறு இன்று எண்டெவர் ஆறு எனப்படுகிறது. அதன் முகத்துவாரத்தில் அமைந்த சிறு பட்டினம் குக்டவுன். அவ்வாற்றையும், பட்டினத்தையும், அங்கு வாழும் உயிர்களையும், அவற்றின் நடுவே நிகழ்ந்த வரலாற்றையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பது இப்பேச்சின் நோக்கமாகும்.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடபாகத்திலே, பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழப் பதினைந்தரைப் பாகையில் இவ்வாறு கடலோடு கலக்கிறது. நைல் நதியோடும் கங்கையோடும் ஒப்பிட்டால் இதை ஓர் ஓடை என்றே சொல்லத் தோன்றும். ஆயினும், அதன் முகத்துவாரம் அகன்றது. கண்டற் காடுகளாற் சூழப்பட்டது. தென்கரையிலே புல் மூடிய ஒரு குன்று காவற்காரனைப் போலக் கடலை நோக்கி நிற்கிறது. மார்கழி தொடக்கம் பங்குனி, சித்திரை வரை அங்கே பெருமழைக் காலம். அதன்பின் மாதக்கணக்காகத் தென்கிழக்குக் காற்று ஓயாது வீசும். கரையிலிருந்து சில மைல் தூரத்திலே, கடலுக்கடியில் நீண்டு கிடக்கிறது உலகின் மிகப் பெரிய பவளப்பாறைத் தொடர்.

இலங்கை நேயர் ஒருவர் அவ்வாற்று முகத்திலே சென்று நின்றால், முற்றும் அந்நியமான இடத்திற்கு வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றாது. வேர்களை வளைத்து ஊன்றி நிற்கும் கண்டல் மரங்கள் அங்கும் உண்டு. வெண்ணிறத் தலையும் செந்நிறச் சிறகுமுடைய செம்பருந்து அங்கும் வட்டமிடுகிறது. மன்னார்க் கடலிலே மிக அருகிவிட்ட ஆவுளியா என்னும் கடற்பசு அங்கே கடற்புல்லை மேய்கிறது. நம் கரையோரத்தவர் நன்கறிந்த பேராமை அங்கும் நீந்துகிறது. சேற்றுக் கரையிலே வெயில் காயும் உவர்நீர் முதலையும், இலங்கையின் ஆற்று முகங்களிலே காணப்படும் அதே இனத்தைச் சேர்ந்ததே. கடல் இரு நாடுகளையும் பிரித்தாலும், கடலின் உயிர்கள் அப்பிரிவை மதிப்பதில்லை.

அவ்வாற்றுக்கு அதன் மக்கள் வழங்கிய பெயர் வாலும்பால் பிரி என்பது. அம்மக்களின் மொழி கூகு யிமிதிர். 'கூகு' என்றால் பேச்சு. இவ்வாறு பேசும் பேச்சு என்பதே அப்பெயரின் பொருள். அம்மொழிக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. இடம், வலம் என்ற சொற்களைக் கொண்டு அதிலே திசை காட்டுவதில்லை. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்பவற்றைக் கொண்டே யாவும் சொல்லப்படும். 'உன் வலக் கைப்பக்கம் எறும்பு ஊர்கிறது' என்று நாம் சொல்லுமிடத்தில், 'உன் வடக்குக் கைப்பக்கம் ஊர்கிறது' என்பர் அவர்கள். இருட்டிலும் காட்டிலும் திசை மறவாத மக்களுக்கே இத்தகைய மொழி கைவரும். தம் நிலத்தை அவர்கள் எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இது ஒன்றே போதிய சான்றாகும்.

அந்த நிலத்துக்கு, 1770 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, அழையாத விருந்தாளியாக ஒரு கப்பல் வந்தது. ஜேம்ஸ் குக் தலைமையிலே இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட எண்டெவர் என்னும் கப்பலே அது. அவுஸ்திரேலியாவின் கீழைக்கரை வழியாக வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்த அக்கப்பல், யூன் 11 ஆம் நாள் இரவு பதினொரு மணியளவிலே பவளப்பாறை ஒன்றில் மோதியது. நிலவொளியிலே கடல் அமைதியாகத் தோன்றிய வேளையில் அவ்வாபத்து நேர்ந்தது. ஆறு பீரங்கிகளையும், கப்பலின் அடிப்பாரத்தையும், கெட்டுப்போன பண்டங்களையும் கடலிலே எறிந்தனர். ஏறத்தாழ ஒரு முழுநாட் போராட்டத்தின் பின்னரே கப்பல் பாறையை விட்டு மிதந்தது.

மிதந்த கப்பலின் அடியிலே பெரியதொரு துவாரம். கயிற்று நாரையும் கம்பளி மயிரையும் ஒட்டிய பாய் ஒன்றைக் கப்பலின் அடியாக இழுத்துத் துவாரத்தை அடைக்கும் உபாயத்தை, இளம் மாலுமியான ஜொனதன் மொங்ஹவுஸ் என்பவர் சொல்லிச் செய்து காட்டினார். பின்னர் கரையிலே கப்பலைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் இன்னுமோர் உண்மை வெளிப்பட்டது. கப்பலை உடைத்த பவளப்பாறையின் துண்டொன்றே முறிந்து அத்துவாரத்திற் சிக்கி, நீர் பெருகாமற் காத்திருந்தது. கொல்ல வந்ததே காத்து நின்றது என்று சொல்லலாம்.

யூன் 17 ஆம் நாள் கப்பல் ஆற்றுக்குள் நுழைந்தது. இன்று குக்டவுன் இருக்கும் தென்கரையிலே அதைக் கரையேற்றிப் பழுதுபார்த்தனர். ஓகஸ்ட் 4 ஆம் நாள் வரை, ஏழு வாரங்கள் அவர்கள் அங்கே தங்க நேர்ந்தது. கப்பல் திருந்திய பின்னும் தென்கிழக்குக் காற்று அவர்களை வெளியேற விடவில்லை. புல் மூடிய குன்றின் மீதேறிக் குக் கடலை நோக்கியபோது, எத்திசையிலும் பாறைகளும் மணற்றிட்டுகளுமே தென்பட்டன. அவுஸ்திரேலியாவின் கரையிலே அந்தப் பயணத்தில் அவர்கள் இவ்வளவு நீண்ட காலம் வேறெங்கும் தங்கவில்லை.

கப்பலுக்கு இடரான அக்காலம் அறிவுக்கு நற்காலமாயிற்று. செல்வந்தரும் இயற்கை ஆராய்ச்சியாளருமான ஜோசப் பாங்ஸ், சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் சொலாண்டர், ஓவியர் சிட்னி பார்க்கின்சன் ஆகியோர் அக்கப்பலில் இருந்தனர். அவர்கள் ஆற்றின் இருமருங்கும் அலைந்து, ஐரோப்பிய அறிஞர் அதுவரை அறியாத செடிகொடிகளைத் திரட்டினர். பார்க்கின்சன் இரவும் பகலும் அவற்றை வரைந்தார். அடுத்த ஆண்டிலேயே, இங்கிலாந்து திரும்பும் வழியில், அவர் கடலில் நோயுற்று இறந்தார். அந்தப் பயணத்தின் தாவர ஓவியங்களைக் கொண்டு செதுக்கப்பட்ட செப்புத் தகடுகள் முழுமையாக அச்சேறி வெளிவந்தது 1980 முதல் 1990 வரையான பத்தாண்டுகளிலேயே என்றால், அந்த உழைப்பு உலகைச் சென்றடைய எத்தனை காலமாயிற்று என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

விலங்குகளைப் பற்றிய செய்திகளோ சுவையானவை. மாலுமி ஒருவன் காட்டிலிருந்து ஓடிவந்து, கொம்புகளுடைய கரிய பேயொன்றைக் கண்டதாக நடுங்கிச் சொன்னான். அது பழந்தின்னி வௌவால். நம் நாட்டுச் சிறுவன் அதைக் கண்டு அஞ்சியிருக்க மாட்டான். குளிர்நாட்டிலிருந்து வந்தவனுக்கு அது பேயாயிற்று. பின்னர், எலியின் நிறமும் வேட்டைநாயின் உருவமும் கொண்டு, முயலைப் போலத் தாவிச் செல்லும் விலங்கொன்றைப் பலரும் கண்டனர். யூன் மாத இறுதியில் குக்கே அதைக் கண்டார். பாங்ஸின் வேட்டைநாய் அதைத் துரத்தியது. ஆனால், நீண்ட புல்லிலே நாய் இடறி நிற்க, விலங்கு புல்லின் மேலாகத் தாவிப் போயிற்று. யூலை 14 ஆம் நாள் கோர் என்னும் அதிகாரி முதலாவது விலங்கைச் சுட்டுக் கொணர்ந்தார். அதன் நிறை 38 இறாத்தல். அறிஞர்கள் அதை ஆராய்ந்தனர். மறுநாள் அதுவே உணவுமாயிற்று.

இவ்விலங்கின் பெயர் யாது? அதைச் சொல்லக் கூடியவர்கள் அந்நிலத்து மக்களே. முதற் சில வாரங்கள் அவர்கள் தொலைவிலேயே நின்றனர். யூலை 10 ஆம் நாள் சிறு தோணியிலே நால்வர் நெருங்கி வந்தனர். துணி, ஆணி, கடதாசி முதலிய பல பொருள்களை ஆங்கிலேயர் கொடுத்தனர். எதுவும் அவர்களைக் கவரவில்லை. தற்செயலாக ஒரு சிறு மீனை எறிந்தபோதுதான் அவர்கள் மகிழ்ச்சி காட்டினர். அடுத்த நாள் அவர்களும் மீன் கொணர்ந்து கொடுத்தனர். ஆடைகளை அவர்கள் எவ்வாறு மதித்தனர் என்பது பின்னர் தெரிந்தது. தாம் கொடுத்த துணிகளெல்லாம் காட்டிலே ஒரு குவியலாகக் கைவிடப்பட்டிருக்கக் கண்டார் பாங்ஸ். பொருளைக் காட்டி ஆளை மயக்கலாம் என்ற எண்ணம் அவ்விடத்திற் பலிக்கவில்லை.

இவ்வாறு தொடங்கிய பழக்கத்தின் பயனாகப் பாங்ஸும், குக்கும், பார்க்கின்சனும் அம்மக்களின் சொற்களைக் கேட்டு எழுதினர். உடலுறுப்புகள், நீர், நெருப்பு, விலங்குகள் என அப்பட்டியல் நீண்டது. அவற்றுள் ஒன்றே கங்காரு. உண்மையில் அச்சொல்லின் நடுவெழுத்து, 'இங்ஙனம்' என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் ஙகரமே. தொடக்க ஒலியும், தமிழ்க் ககரத்தைப் போலவே, வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் கேட்கத்தக்கது. ஆகவே தமிழர் எளிதில் ஒலிக்கக்கூடிய அச்சொல்லை, ஆங்கிலேயர் தம் செவிக்கு இசைந்தவாறு எழுதிக்கொண்டனர். எனினும் அவர்கள் சரியாகவே கேட்டனர் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

சொல்லைச் சரியாகக் கேட்ட அவர்கள், ஒரு சட்டத்தைக் கேட்கத் தவறினர். யூலை 19 ஆம் நாள் பத்துப் பேரளவில் கப்பலுக்கு வந்தனர். மேல்தளத்திலே ஆமைகள் பல கிடந்தன. அவை பவளப்பாறைகளிலே மாலுமிகள் பிடித்து வந்த பேராமைகள். ஒன்றையேனும் தரும்படி வந்தவர்கள் கேட்டனர். மறுக்கப்பட்டது. ஓர் ஆமையைத் தாமே இழுத்துச் செல்ல முயன்றனர். தடுக்கப்பட்டது. பிஸ்கோத்துக் கொடுத்தபோது அதைச் சினத்துடன் வீசி எறிந்தனர். பின்னர் கரையில் இறங்கி, கீல் காய்ச்சிக்கொண்டிருந்த அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்து, காற்று வரும் பக்கமாகப் புல்லிலே தீயிட்டனர். நொடிப் பொழுதில் தீ பரந்தது. கொல்லனின் உலைக்களத்தைத் தீ பற்றியது. பன்றிக் குட்டியொன்று கருகி மாண்டது. குக் துப்பாக்கியாற் சுட்டார். ஒருவர் காயமுற்றார், சில துளி இரத்தம் புல்லிலே காணப்பட்டது.

ஆமைகள் கடலிலே பிறந்தவை. கடல் யாவர்க்கும் பொது என்று மாலுமிகள் எண்ணியிருக்கலாம். அந்நிலத்து வழக்கோ வேறு. எந்த இடத்திலே, எக்காலத்திலே, யார், எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு அங்கே முறையுண்டு. பிடித்ததைப் பங்கிடுதல் கடமை. பிறர் வளவிலே நுழைந்து குலைகளையெல்லாம் வெட்டி அடுக்கிவிட்டு, வளவுக்காரர் ஒரு காயைக் கேட்கும்போது மறுப்பவரை எந்த ஊரார் பொறுப்பர்? அன்று நிகழ்ந்தது அதுவே. இதற்கு மேலாகவும் ஒரு செய்தியுண்டு. அவ்வாற்றின் தென்கரைப் பகுதி பல குலத்தாரும் கூடும் பொது நிலம் என்றும், அங்கே வேண்டுமென்று குருதி சிந்துதல் ஆகாது என்றும் அம்மக்களின் முதியோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். குக்கின் துப்பாக்கி அறியாமலே அவ்விதியையும் மீறிவிட்டது.

அடுத்து நிகழ்ந்ததே அவ்வாற்றின் வரலாற்றிலே சிறந்த நிகழ்ச்சி. ஓடியவர்களின் ஈட்டிகள் சிலவற்றைக் கைப்பற்றிக்கொண்டு ஆங்கிலேயர் பின்தொடர்ந்தனர். ஒரு பாறைத் திடலின் அருகே இரு சாராரும் எதிரெதிரே நின்றனர். அப்போது முதியவர் ஒருவர், முனை ஒடிந்த ஈட்டியொன்றைக் கையிலேந்தித் தனியாக முன்னே வந்தார். பலமுறை நின்றார். தம் அக்குளின் வியர்வையை விரலால் எடுத்து வாயருகே கொண்டுசென்றார். தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். சொற்கள் விளங்கவில்லை, கருத்து விளங்கியது. முனையற்ற ஈட்டி சமாதானத்தின் அடையாளம். ஆங்கிலேயரும் கைப்பற்றிய ஈட்டிகளைத் திருப்பிக் கொடுத்தனர். அச்சமும் பகையும் தணிந்தன. ஐரோப்பியருக்கும் அவுஸ்திரேலியப் பூர்வீகக் குடிகளுக்கும் இடையே ஏற்பட்டதாக எழுத்திற் பதிவான முதலாவது சமரசம் இதுவென்று இன்று கொள்ளப்படுகிறது.

ஓகஸ்ட் மாதத்திலே கப்பல் போய்விட்டது. அம்மாதம் 22 ஆம் நாள், வடமுனைக்கு அருகேயுள்ள ஒரு தீவிலே இறங்கி, கீழைக்கரை முழுவதும் பிரித்தானிய மன்னருக்கு உரியதெனக் குக் அறிவித்தார். ஓர் ஆமையைப் பற்றிய வழக்கை முதியவர் ஒருவர் பேசித் தீர்த்துச் சில வாரங்களே கழிந்திருந்தன. ஒரு பெருநிலத்தைப் பற்றிய வழக்கிலே, அந்நிலத்தார் எவரையும் எவரும் கேட்கவில்லை.

இனி, அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதையைக் கேட்கலாம். 1788 இல் ஆங்கிலேயர் சிட்னியிலே குடியேறியபோது, 'கங்காரு' என்பதை எல்லாப் பூர்வீகக் குடிகளுக்கும் பொதுவான சொல்லென எண்ணி வழங்கினர். சிட்னியைச் சார்ந்த மக்களோ முற்றும் வேறு மொழி பேசுபவர்கள். அவர்கள் அதை ஆங்கிலச் சொல்லென எண்ணினர். மாட்டையும் கண்டு அதுவும் கங்காருவோ என்று கேட்டனர். பின்னர் 1819, 1820 ஆகிய ஆண்டுகளிலே கப்டன் பிலிப் பார்க்கர் கிங் எண்டெவர் ஆற்றுக்கு வந்து சொற்களைத் திரட்டியபோது, அவ்விலங்குக்கு வேறொரு பெயர் கிடைத்தது. அதனாற் குக்கின் சொல்லிலே ஐயம் எழுந்தது. 'தெரியாது' என்று அம்மக்கள் சொன்ன விடையையே விலங்கின் பெயரென ஆங்கிலேயர் எழுதிக்கொண்டனர் என்னும் நகைப்புக் கதையும் பிறந்து உலகெங்கும் பரவியது.

உண்மை 1972 ஆம் ஆண்டளவில் உறுதிப்பட்டது. ஜோன் ஹவிலண்ட் என்னும் மொழியியலறிஞர் அம்மக்களிடையே தங்கி அவர்களின் மொழியைக் கற்றார். ஒருவகைப் பெரிய கங்காருவுக்கு மட்டும் அப்பெயர் இன்றும் வழங்கக் கண்டார். வேறு வகைகளுக்கு வேறு பெயர்கள் உண்டு. கிங் எழுதிக்கொண்ட சொல்லோ, உண்ணத்தக்க விலங்கிறைச்சி என்னும் பொதுப்பொருள் தருவது. ஆகவே குக்கும் பாங்ஸும் பிழையாகக் கேட்கவில்லை. அம்மக்களும் பிழையாகச் சொல்லவில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக அறிவாளிகள் ஐயுற்ற ஒன்றை, அம்மக்களுள் ஒருவரிடம் சென்று கேட்டிருந்தால் ஒரு நொடியிலே அறிந்திருக்கலாம். கேட்பதற்குப் பெரும்பாலோர் எண்ணவில்லை. ஏன் எண்ணவில்லை என்பதற்கு விடை, அந்த ஆற்றின் அடுத்த காலத்துக் கதையிலே இருக்கிறது.

1872 இல் வில்லியம் ஹான் என்பவர், மலைகளுக்கு அப்பாலுள்ள பாமர் ஆற்றிலே பொன்னின் தடயங்களைக் கண்டார். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் மலிகன் 102 அவுன்ஸ் பொன்னுடன் திரும்பினார். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. 1873 ஒக்டோபர் 25 ஆம் நாள் லைக்காட் என்னும் கப்பல், உத்தியோகத்தரையும் பொன் தேடுவோரையும் ஏற்றிக்கொண்டு எண்டெவர் ஆற்றுக்குள் வந்தது. குக் கப்பலைச் சாய்த்த அதே கரையிலே கூடாரங்கள் எழுந்தன. அவையே குக்டவுன் ஆயின. சில மாதங்களிலே கடைகளும், மதுச்சாலைகளும், வங்கிகளும் பெருகின. சீனத்தின் தென்பகுதியிலிருந்து கப்பல் கப்பலாகச் சீனர் வந்திறங்கினர். 1877 அளவிலே பாமர்ப் பொன்வயல்களில் ஏறத்தாழ 18,000 சீனர் இருந்தனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவ்வாண்டிலேயே குவீன்ஸ்லாந்து அரசு, வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண் தலைவரி விதித்தது.

குக்கின் மாலுமிகள் ஆமைகளை எடுத்தனர். பொன் தேடி வந்தவர்களோ நீர்நிலைகளை எடுத்தனர்; வழிகளை எடுத்தனர்; வேட்டைக் காடுகளை எடுத்தனர். 1873 நவம்பர் தொடக்கத்திலே, பொன்வயலுக்குச் சென்ற முதற் கூட்டத்தை வழியிலே பூர்வீகக் குடிகள் எதிர்த்து நின்றனர். ஈட்டிகள் துப்பாக்கிகளுக்கு முன் நிற்க முடியவில்லை. அவ்விடம் இன்றும் 'போர்ப் பாசறை' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் பெற்று விளங்குகிறது. அங்கு மாண்டவர்களுக்குக் கணக்கு வைக்கப்படவில்லை. இம்முறை முனை ஒடிந்த ஈட்டியோடு வர ஒரு முதியவருக்கு இடமிருக்கவில்லை.

1881 இல் நிகழ்ந்த ஒரு துயரமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. குக்டவுனுக்கு வடக்கேயுள்ள பல்லித் தீவிலே கடலட்டை பிடிக்கும் தொழிலிலே ஈடுபட்டிருந்தவரின் மனைவி மேரி வாட்சன். அத்தீவு பூர்வீகக் குடிகளுக்குப் புனிதமானது என்பதை அங்கே குடியேறியவர்கள் கருதிற்றிலர். கணவர் கடலில் இருந்த வேளையில் தாக்குதல் நேர்ந்தது. கைக்குழந்தையோடும், காயமுற்ற சீன வேலையாளான ஆ சாம் என்பவரோடும், கடலட்டை அவிக்கும் இரும்புத் தொட்டியிலே ஏறி அப்பெண் கடலிற் போனாள். நீரற்ற ஒரு தீவிலே மூவரும் தாகத்தால் மாண்டனர். அவள் நினைவாக 1886 இல் குக்டவுன் வீதியிலே ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. அந்நிகழ்ச்சிக்குப் பழிவாங்கவெனக் கொல்லப்பட்ட பூர்வீகக் குடிகளுக்கு நினைவுச் சின்னம் எழவில்லை.

பொன் குறைந்தது, பட்டினமும் தேய்ந்தது. 1878 இல் தொடங்கிய பூந்தோட்டம் காடாயிற்று. குக்டவுனிலிருந்து லோரா வரை 1888 இல் ஓடத் தொடங்கிய புகையிரதம், பொன்வயலை எட்டாமலே 1961 இல் நின்றுபோயிற்று. 1907 இலும் 1949 இலும் வீசிய பெரும்புயல்கள் கட்டடங்களைச் சிதைத்தன. இன்று குக்டவுனிலே ஏறத்தாழ 2,700 பேர் வாழ்கின்றனர். பூந்தோட்டம் மீண்டும் திருத்தப்பட்டுள்ளது. பழைய கன்னியர் மடம் ஒன்று 1970 இலே குக்கின் பெயரால் நூதனசாலையாக்கப்பட்டது. கப்பல் கடலில் விட்டுப்போன நங்கூரமும் பீரங்கி ஒன்றும் அங்கே இருக்கின்றன. எறியப்பட்ட ஆறு பீரங்கிகளும் 1969 இலே பவளத்துக்குள்ளிருந்து மீட்கப்பட்டன.

கூகு யிமிதிர் மக்கள் என்ன ஆயினர்? எஞ்சியோர் பலர், 1886 இலே ஆற்றுக்கு வடக்கே நிறுவப்பட்ட லுதரன் மிசனைச் சார்ந்து வாழ்ந்தனர். அங்கே நெடுங்காலம் பணிபுரிந்த ஜேர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் அவர்களின் மொழியைக் கற்று அம்மொழியிலேயே போதித்தார். மொழி பிழைத்தமைக்கு அதுவும் ஒரு காரணம். 1942 இலே, போர்க்கால அச்சத்தின் பேரில், போதகர் சிறையிடப்பட்டார். மக்களுள் பெரும்பாலோர் லொறிகளிலும் புகையிரதத்திலும் ஏற்றப்பட்டு, ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் தெற்கே வூரபிண்டா என்னும் உள்நாட்டு ஊருக்கு அனுப்பப்பட்டனர். வெப்பக் கடற்கரையிலே வாழ்ந்தவர்கள் அங்கே குளிராலும் நோயாலும் பலராக மாண்டனர். 1949 ஆம் ஆண்டு தொடக்கமே திரும்ப முடிந்தது. திரும்பியவர்கள் அமைத்த ஊரே இன்றைய ஹோப் வேல்.

ஒரு மொழி இத்தனையையும் தாங்கி நின்றது. அதனாலேதான் 1972 இலே ஒரு மொழியறிஞர் கேட்டபோது, விடை சொல்ல ஒருவர் இருந்தார். அதற்கு இரண்டாண்டுகளின் பின், 1974 இலே, அம்மக்களுள் ஒருவரான எரிக் டீரல் குவீன்ஸ்லாந்துச் சட்டசபைக்குத் தெரிவானார். அச்சபையிலே அமர்ந்த முதலாவது பூர்வீகக் குடிமகன் அவரே. அவர் பின்னாளிலே குக்கினதும் பாங்ஸினதும் நாட்குறிப்புகளைத் தம் மக்களின் வழக்கறிவோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஆமைச் சண்டையின் பொருளும், முனையற்ற ஈட்டியின் பொருளும் வெளியுலகுக்குத் தெளிவானதிலே அவருக்கும் அவர் உறவினருக்கும் பெரும் பங்குண்டு. 1997 இலே ஹோப் வேல் நிலத்தின் மீது அம்மக்களுக்குள்ள பூர்வீக உரிமை சட்டப்படி ஏற்கப்பட்டது.

ஆற்றின் உயிர்களுக்கும் இதே போன்ற ஏற்றத்தாழ்வு உண்டு. தோலுக்காக வேட்டையாடப்பட்டு மிகக் குறைந்துபோன முதலைகளுக்கு 1974 இலே குவீன்ஸ்லாந்தில் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. இன்று அவை மீண்டும் பெருகி, ஆற்றங்கரையிலே எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. கங்காருவுக்கோ குறைவில்லை, ஒரு தேசத்தின் இலச்சினையிலேயே அது நிற்கிறது. ஆனால், அதே 1770 இலே அதே மக்களிடமிருந்து கேட்டு எழுதப்பட்ட மற்றொரு விலங்கின் பெயரும் உண்டு. அது 'குவோல்'. பூனையளவினதாய், பழுப்பு மேனியிலே வெண்புள்ளிகள் கொண்டதாய், இரவிலே இரை தேடும் பையுடை விலங்கு அது. கரும்பு வண்டுகளை அழிக்கவென்று 1935 இலே குவீன்ஸ்லாந்துக்குக் கொணரப்பட்ட நச்சுத் தேரைகள் வண்டை அழிக்கவில்லை, நாட்டின் வடபாகமெங்கும் பரவின. அவற்றைத் தின்ற வட நாட்டுக் குவோல்கள் ஆயிரமாயிரமாக மாண்டன. இன்று அவ்வினம் அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாகிவிட்டது. கேளாமற் கொணர்ந்த விருந்தாளியால் நேர்ந்த கேடு இதுவும்.

ஆண்டுதோறும் யூன் மாதத்திலே குக்டவுன் மக்கள் குக்கின் வருகையை நடித்துக் காட்டுகின்றனர். கப்பல் வந்ததும், விலங்கைக் கண்டதும், ஆமைக்காகப் பிணங்கியதும், முதியவர் முன்வந்ததும் அதிலே இடம்பெறுகின்றன. அந்தப் பாறைத் திடலுக்குச் சமரசப் பாறைகள் என்ற பெயர் வழங்குகிறது. வரலாற்றிலே படையெடுப்புகளுக்குத் தூண்கள் பல உண்டு. வழக்கைப் பேசித் தீர்த்த ஒரு முதியவருக்காக நினைவுகூரப்படும் இடங்கள் மிகச் சில.

அந்நாட்டிலே இறங்கியவர்கள் அம்மக்களிடமிருந்து ஒரு சொல்லைப் பெற்றனர், அதைத் திருத்தமாகப் பெற்றனர், உலகுக்கு வழங்கினர். அச்சொல்லோடு கூடவே அவர்கள் பெற்றிருக்கக் கூடிய மற்றொன்று, பிறர் நிலத்திலே புகுவோன் கேட்டுப் பெறவேண்டும், பெற்றதைப் பகிர்ந்து உண்ணவேண்டும் என்னும் நெறி. அது புதிய நெறியன்று. தமிழர் உட்பட எல்லா மக்களும் தத்தம் வீட்டிலே அறிந்திருந்த நெறியே. பிறர் வீட்டிலே அதை மறந்தமையால் விளைந்ததையே எண்டெவர் ஆற்றின் கதை சொல்கிறது. கங்காரு என்று ஒரு குழந்தை சொல்லும்போது, அச்சொல்லை முதலிலே கொடுத்தவர்கள் இன்றும் அந்த ஆற்றின் அருகே வாழ்கிறார்கள், அந்த மொழியையும் பேசுகிறார்கள் என்பதை அதற்குச் சொல்லிக் கொடுப்பது பெரியோரின் கடன்.